பேர் மூணு, கார் ஒண்ணு! டாட்ஜ், டிசோட்டோ, பிளைமவுத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்த வால்சந்த் யார்?

சேலத்தில் இருந்து ஏற்காடு போகும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே ஒரு ஃபோக்ஸ்வாகன் விர்ச்சுஸ் முன்னாடி ஏற, பின்னாடியே ஒரு ஸ்கோடா ஸ்லாவியா வந்தால் பார்ப்பவர்களுக்கு அது ரெண்டு கம்பெனி கார். மெக்கானிக்கைக் கேட்டால் ஏறக்குறைய ஒரே கார்தான் என்பார். அடித்தளம், இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் பொது. பாடியும் பேட்ஜும்தான் வேற. இதுக்குப் பேர்தான் காமன் பிளாட்ஃபார்ம்.

இது இப்போ வந்த ஐடியா இல்லை. சுதந்திரம் கிடைத்த சமயத்திலேயே பம்பாய் குர்லாவில் ஒரே அமெரிக்கக் கார் மூணு பேரில் வெளியே வந்தது. அந்த ஆலையைத் தொடங்கியவர் வால்சந்த் ஹீராசந்த்.

1882-இல் சோலாப்பூரில் ஒரு குஜராத்தி ஜெயின் குடும்பத்தில் பிறந்தவர். குடும்பத் தொழில் பஞ்சு வியாபாரமும் வட்டிக்கு விடுவதும். வால்சந்துக்கு அதில் மனசு ஒட்டவில்லை. ரயில்வே கான்ட்ராக்ட் எடுத்தார். 1919-இல் குவாலியர் மகாராஜாவின் 'லாயல்டி' கப்பலை வாங்கி, பிரிட்டிஷ் கம்பெனிகள் கையில் இருந்த கடல் வழியில் சிந்தியா கப்பல் நிறுவனத்தை இறக்கினார். போட்டிக் கம்பெனிகள் கட்டணத்தைக் குறைத்து நசுக்கப் பார்த்தன. அப்படியும் தாக்குப்பிடித்தார். முதல் பயணம் கிளம்பிய ஏப்ரல் 5 தான் இன்றைக்கும் தேசிய கடல்சார் தினம்.

கார் ஆலைக்கு ஏன் இவ்வளவு தடை?

அந்தக் காலத்தில் இந்தியாவில் காரே இல்லாமல் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதலே பம்பாயில் கார்களைப் பூட்டி விற்றது. ஆனால் பாகங்கள் வெளிநாட்டில் இருந்து பெட்டியில் வரும், இங்கே சேர்ப்பார்கள். அவ்வளவுதான். கார் இங்கேயே செய்யப்படணும் என்பதுதான் வால்சந்தின் கோரிக்கை. இன்ஜினீயர் விஸ்வேஸ்வரய்யாவும் அதற்குத் திட்டம் போட்டுக் கொடுத்து, கூடவே நின்றார்.

1939-இல் அமெரிக்கா போய் ஃபோர்டு கம்பெனியிடம் பேசினார். இந்தியாவுக்கான உரிமை ஃபோர்டின் கனடா நிறுவனத்திடம் இருந்ததால் அது கைகூடவில்லை. அடுத்து கிறைஸ்லர் சம்மதித்தது. இந்தத் தடவை குறுக்கே நின்றது பிரிட்டிஷ் இந்திய அரசு. போர்க்காலத்துக்கு அவசியமான தொழிலாக கார் ஆலையை ஏற்க மறுத்துவிட்டது. போருக்கு லாரி தேவைப்படாத மாதிரி!

இதில் ஒரு சுவாரஸ்யம். கார் பேச்சுவார்த்தை முடிந்து அமெரிக்காவில் இருந்து திரும்பும் வழியில், வில்லியம் பாலி என்ற விமானத் தொழிலதிபரைச் சந்தித்தார். அந்தப் பேச்சில் இருந்து பிறந்ததுதான் 1940-இல் பெங்களூரில் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட், இன்றைய எச்.ஏ.எல். கார் கேட்டவருக்கு விமானம் முதலில் கிடைத்தது. அதுவும் நிலைக்கவில்லை. 1942-இல் அரசு அவருடைய பங்குகளை வாங்கிக்கொண்டது.

மூணு பேட்ஜ் எதுக்கு?

1944-இல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் பதிவானது. 1947-இல் குர்லாவில் இருந்து வண்டிகள் வெளியே வர ஆரம்பித்தன. கிறைஸ்லரின் விலை குறைந்த பெரிய கார் பிளைமவுத். அதே பாடி, அதே ஆறு சிலிண்டர் இன்ஜின். கிரில்லையும் பேட்ஜையும் மாற்றினால் அது டாட்ஜ் கிங்ஸ்வே. இன்னொரு தடவை மாற்றினால் டிசோட்டோ டிப்ளமேட். ஒவ்வொரு பிராண்டு டீலருக்கும் விற்க ஒரு மலிவான கார் வேணும். அதுக்காகத் தனித்தனியா கார் டிசைன் பண்ண கட்டுப்படியாகாது. கிறைஸ்லர் கண்டுபிடித்த சுலப வழி இது. லாரியிலும் இதே கதைதான். பழைய லாரி டிரைவர்கள் டாட்ஜா, பார்கோவா, டிசோட்டோவா என்று சண்டை போட்டிருப்பார்கள். பானெட்டைத் திறந்தால் சண்டை முடிந்தது.

இது ஏமாற்று வேலை மாதிரித் தெரியலாம். ஆனால் சந்தை சின்னதா இருந்த நாட்டில் பாகங்களை உள்ளூரிலேயே செய்யத் தொடங்க இது வசதியானது. மூணு பேரில் விற்றாலும் வேண்டியது ஒரே ஸ்பேர். ஒரு பாகத்துக்கு ஒரு அச்சு போட்டால் மூணு காருக்கும் ஆகும்.

1949-இல் வால்சந்தை பக்கவாதம் தாக்கியது. அடுத்த ஆண்டே தொழிலில் இருந்து விலகினார். 1953 ஏப்ரல் 8-இல் குஜராத்தின் சித்பூரில் காலமானார்.

அதே 1953-இல், பாகங்களைப் படிப்படியாக இங்கேயே செய்யத் திட்டம் இல்லாத கம்பெனிகளுக்கு இனி இடமில்லை என்று மத்திய அரசு முடிவெடுத்தது. வால்சந்த் பல வருஷமாகக் கேட்டது இதைத்தான். 1954-இல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாய் ஆலையைப் பூட்டிவிட்டுக் கிளம்பியது. பிரீமியர் நின்றது. பெட்ரோல் குடிக்கும் பெரிய அமெரிக்கக் கார்கள் மெல்ல ஓரம்போக, அந்த இடத்துக்கு ஃபியட் 1100 வந்தது. பின்னாளில் பம்பாயின் கறுப்பு மஞ்சள் டாக்ஸியாக எல்லோரும் சினிமாவில் பார்த்த பத்மினி, அந்த ஃபியட்தான்.