கண்டியில் பிறந்த கட்டடக் கலைஞர் மினெற் டி சில்வா

வீடு கட்ட நினைப்பவர் முதலில் காசைத் தேடுவார். அடுத்து மேசனைத் தேடுவார். அந்த வீட்டில் சீவிக்கப் போகும் தாயிடமோ முதியவரிடமோ என்ன தேவை என்று கேட்பவர் அரிது. அவ்வாறு கேட்டபின்பே பென்சிலைக் கையில் எடுத்த பெண்மணி ஒருவர் கண்டியில் வாழ்ந்தார். அவரே மினெற் டி சில்வா அம்மையார்.

1918ஆம் ஆண்டு பெப்ரவரி 1ஆம் திகதி அவர் பிறந்தார். தந்தை ஜோர்ஜ் ஈ. டி சில்வா சிங்கள பௌத்தர். கண்டியின் புகழ்பெற்ற வழக்கறிஞர். இலங்கைத் தேசிய காங்கிரசின் தலைவராகவும் பின்னர் சுகாதார அமைச்சராகவும் விளங்கியவர். தாய் அக்னஸ் நெல் பறங்கியர் இனத்துக் கிறிஸ்தவர். இலங்கைப் பெண்கள் 1931இல் வாக்குரிமை பெற்றதற்கு உழைத்தவர்களுள் அக்னஸ் அம்மையார் முன்னணியில் நின்றவர். இன்று வாக்குச் சாவடிக்குச் செல்லும் நம் தாய்மாருள் எத்தனை பேர் அவர் பெயரை அறிவர்?

அக்காலத்தில் கட்டடக் கலையைப் பயில இலங்கையில் இடமிருக்கவில்லை. எனவே மினெற் பம்பாய்க்குச் சென்றார். காந்தியடிகளை விடுதலை செய்யக் கோரிய ஊர்வலத்தில் அவரும் கலந்துகொண்டார். மன்னிப்புக் கடிதம் எழுத மறுத்ததால் சர் ஜே. ஜே. கலைக் கல்லூரியிலிருந்து விலக்கப்பட்டார். படிப்புத் தடைப்பட்டபோதும் அவர் மனம் தளரவில்லை. ஜெர்மனியிலிருந்து இந்தியாவுக்கு வந்திருந்த ஒற்றோ கொனிக்ஸ்பேர்கர் என்ற கட்டடக் கலைஞரிடம் வேலை பழகினார். பின்னர் இலண்டனில் கல்வியை முடித்தார். 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவனத்தில் அங்கத்துவம் பெற்ற முதல் ஆசியப் பெண் அவரே. சண்டிகார் நகரை வடிவமைத்த லெ கோர்புசியேயின் நட்பு அந்நாள்களில் அவருக்குக் கிடைத்தது. அப்பெரியார் 1965இல் மறையும் வரை அது நீடித்தது.

ஐரோப்பாவிலேயே தங்கியிருந்தால் சுகமாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் 1949இல் அவர் கண்டிக்குத் திரும்பி, பெற்றோரின் 'சென்ற் ஜோர்ஜ்' இல்லத்திலேயே தொழிலைத் தொடங்கினார். முதல் வேலை, குடும்ப நண்பரான கருணாரத்னவின் வீடு. மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்தாமல், சரிவின் போக்கிலேயே தட்டுத் தட்டாக அவ்வீடு எழுந்தது. கதவுகளில் தும்பறைப் பாய் பதிக்கப்பட்டது. ஊர்க் குயவர் சுட்ட ஓடுகளும் அரக்கு வேலைக்காரரின் கைத்திறனும் இடம்பெற்றன. சுவரில் ஜோர்ஜ் கீற் ஓவியம் தீட்டினார். இலங்கையில் ஒரு பெண் வடிவமைத்த முதல் கட்டடம் இதுவே என்பர்.

இதிலே அழகு மாத்திரமல்ல, வயிற்றுப்பாடும் இருந்தது. வெளிநாட்டுச் சாமான் வந்து குவிய, பாய் பின்னுவோரும் அரக்குக் கடைவோரும் தொழிலிழந்து கொண்டிருந்த காலம் அது. அவர்களுக்குப் பிச்சை போடாமல் வேலை கொடுத்தார் அம்மையார். காற்றும் வெளிச்சமும் தாராளமாய் வர நடுமுற்றம், மழைக்கு நீண்ட தாழ்வாரம், கிட்டக் கிடைக்கும் கல்லும் மண்ணும் மரமும் என்பவையே அவர் வழி. சுற்றாடலைக் காக்கும் கட்டடம் என்று இக்காலத்தார் பெருமையாகப் பேசுவதை, அப்படியொரு பெயர் பரவுமுன்னே அவர் செய்தார். மலையைக் குடைந்து கொங்கிறீற்றுக் கொட்டி, பின் மாரிக்கு மாரி மண்சரிவுக்கு அஞ்சும் நாம் இதனைச் சற்று யோசிக்க வேண்டும்.

அவருடைய சமூகப் பணியின் சிகரம் வட்டாப்புலுவ வீடமைப்புத் திட்டம். கண்டிக்கு அண்மையில் மகாவலிக் கரையோரம் அரச ஊழியருக்காக 1950களில் உருவாகி, 1958 அளவில் நிறைவெய்தியது. இருநூறு வீடுகளுக்குக் குறையாத பெரிய வேலை. ஒரே படத்தை வரைந்து அத்தனைக்கும் அச்சடித்தாற்போல் கட்டியிருக்கலாம்; செலவும் குறைந்திருக்கும். அம்மையாரோ கேள்விக்கொத்துத் தயாரித்து ஒவ்வொரு குடும்பத்திடமும் கொடுத்தார். எத்தனை பேர், என்ன வருமானம், என்ன வழக்கம் என்று விசாரித்தார்; கூட்டம் கூட்டிப் பேசினார். விடைகளைப் பார்த்தே வீட்டு வகைகளை வகுத்தார். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் எனப் பலரும் அங்கே அயலவராயினர். மொழிப் பிரச்சினையால் 1958இல் நாடு பற்றியெரிந்ததை நினைப்போர்க்கு, இத்தகைய அயல் எவ்வளவு பெரிய காரியம் என்பது விளங்கும்.

ஆனால் பெண் என்பதால் கொந்தராத்துக்காரரும் அதிகாரிகளும் அவரை எளிதில் ஏற்கவில்லை. வேலைகள் குறைந்தன. அவருக்குப் பின் தொழிலுக்கு வந்த ஜெப்ரி பாவாவின் புகழ் உலகெங்கும் பரவ, வழி திறந்தவர் மறக்கப்பட்டார். 1975 முதல் 1979 வரை ஹொங்கொங் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றிவிட்டு மீண்டும் கண்டிக்கே வந்தார். தலதா மாளிகைக்கு அருகேயுள்ள கலாநிலையம் 1980களில் அவர் செய்த பணி.

இலங்கைக் கட்டடக் கலைஞர் நிறுவனம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது 1996இல். அப்போது வயது எழுபத்தெட்டு! வறுமையும் தனிமையும் அவரைச் சூழ்ந்திருந்தன. வீட்டில் விழுந்து கிடந்தவரைச் சில நாள்கள் எவரும் காணவில்லை. 1998 நவம்பர் 24ஆம் திகதி கண்டி வைத்தியசாலையில் காலமானார். தம் வாழ்வையும் பணியையும் பற்றி அவர் எழுதிய பெருநூல் அவர் கண்மூடிய பின்னரே வெளிவந்தது. சென்ற் ஜோர்ஜ் இல்லம் பாழடைந்தது. அவர் கட்டிய வீடுகள் சில இடிக்கப்பட்டன. வட்டாப்புலுவவில் மட்டும், கேட்டுக் கட்டிய வீடுகளில் குடும்பங்கள் வாழ்கின்றன. தேவைக்கேற்ப அறை கூட்டியும் மாடி எழுப்பியும் இருக்கிறார்கள்.