ஒளியில் ஏறிய குரல் – சர் சி. வி. இராமன்



பழைய வானொலிப் பெட்டியில் மின்னல் எப்.எம். கேட்கும்போது முள் சரியான இடத்தை விட்டுக் கொஞ்சம் விலகினால் என்ன ஆகிறது? பாட்டு கரகரக்கிறது. உடனே குமிழைத் திருகிச் சரிசெய்து விடுகிறோம். இப்படிப்பட்ட சின்ன விலகலை ஒளியில் கண்டு, அதை விடாமல் துரத்திப் பிடித்த ஒரு தமிழரின் கதையைக் கேளுங்கள்.

இராமன் 1888 நவம்பர் 7-ஆம் நாள், திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தை ஆசிரியர். 1907-இல் சென்னையில் எம்.ஏ. முடித்து, கல்கத்தாவில் அரசாங்கக் கணக்கு அதிகாரியானார். பகலெல்லாம் ஆபீஸ், காலையும் மாலையும் பௌபஜார் தெருவிலிருந்த அறிவியல் சங்கத்தில் ஆராய்ச்சி. நம் மிருதங்கத்தில் கருப்பு மருந்து பூசுவதால் நாதம் எப்படிச் சுருதி சேர்கிறது என்றுகூட ஆராய்ந்து எழுதினார். 1917-இல் அந்தப் பெரிய உத்தியோகத்தை விட்டு, குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியரானார். வீட்டில் என்ன சொன்னார்களோ!

1921-இல் இங்கிலாந்து போய்க் கப்பலில் திரும்பும்போது, மத்தியதரைக் கடலின் நீலம் அவரை மயக்கியது. வானத்தின் நிறம்தான் கடலில் தெரிகிறது என்று அப்போது சொல்லி வந்தார்கள். தம்மிடமிருந்த ஒரு பட்டகத்தால் அந்தப் பிரதிபலிப்பை விலக்கிப் பார்த்தார். நீலம் போகவில்லை. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று கண்டுகொண்டார்.

1923-இல் அவருடைய மாணவர் கே. ஆர். இராமநாதன் திரவங்களில் ஒளியைப் பாய்ச்சியபோது, நிறம் மாறிய மங்கலான ஒளியும் கொஞ்சம் வெளிவந்தது. அழுக்காக இருக்கும் என்று திரும்பத் திரும்பச் சுத்தம் செய்து பார்த்தார். மங்கல் ஒளி மறையவே இல்லை.

அது என்ன? மறுபடியும் வானொலிக்கு வாருங்கள். நிலையம் அனுப்புவது ஒரே சீரான ஊர்தி அலை. அதன்மேல் பேச்சை ஏற்றும்போது, அந்த அலைவரிசைக்குச் சற்று மேலேயும் கீழேயும் புதிய அலைகள் பிறக்கின்றன. இதுதான் பண்பேற்றம். நம் பெட்டி ஊர்தி அலையைக் கழித்துவிட்டுப் பேச்சை மட்டும் பிரித்துத் தருகிறது, அது பண்பிறக்கம். ஒளியிலும் ஏறக்குறைய இதே கதைதான். ஒளி ஊர்தி அலை. திரவத்தின் மூலக்கூறு அதிர்ந்து, தன் குரலை அதன்மேல் ஏற்றிவிடுகிறது. ஆனால் சிதறும் ஒளியிலும் ஏறக்குறைய கோடியில் ஒரு பங்குதான் இப்படி மாறுகிறது. கண்ணில் படுமா, சொல்லுங்கள்!

1928-இல் வத்திராயிருப்புக்காரரான கே. எஸ். கிருஷ்ணன் கூட நின்று உழைத்தார். பல திரவங்களைச் சோதித்தார்கள். பிப்ரவரி 28 அன்று நிறமாலைகாட்டி வழியே பார்த்தபோது, பழைய ஒளியும் புதிய ஒளியும் நடுவே கறுப்பு இடைவெளியோடு தனித்தனியாகத் தெரிந்தன. பிறகு பாதரச விளக்கை வைத்துப் பார்த்ததில் கோடுகள் துல்லியமாக விழுந்தன. முக்கியமான விஷயம் இது: எந்த நிற ஒளியை உள்ளே அனுப்பினாலும், ஒரு பொருள் தரும் அலைவரிசை விலகல் மாறுவதில்லை. ஊர்தி எதுவானாலும் குரல் ஒன்றுதான்.

அதே சமயம் மாஸ்கோவிலும் இருவர் படிகக் கல்லில் இதைக் கண்டிருந்தார்கள், வெளியிடுவதில் பிந்திவிட்டார்கள். 1930-இல் நோபல் பரிசு இராமன் ஒருவருக்கே கிடைத்தது. கிருஷ்ணனின் பெயரும் சேர்ந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

1970 நவம்பர் 21 அன்று பெங்களூரில் இராமன் காலமானார். இன்று சுங்க அதிகாரிகள் பிளாஸ்டிக் பொட்டலத்தைப் பிரிக்காமலே கையடக்கக் கருவியால் லேசர் ஒளியைப் பாய்ச்சி, உள்ளே இருப்பது மாவா, போதைப் பொருளா என்று கண்டுபிடித்து விடுகிறார்கள். அந்தக் கருவி அளப்பது இராமன் கண்ட அதே விலகலைத்தான்.