வெல்லற்கரிய யாங் லூசான்

2017ஆம் ஆண்டு சீனத்துச் செங்டு நகரிலே தாய்ச்சி ஆசிரியரொருவர், குத்தும் பிடியும் கலந்த புதுமுறைச் சண்டை பயின்ற வீரரிடம் அரை நிமிடத்துள் வீழ்ந்தார். அதனை அறிந்த மாணவர் சிலர், தாய்ச்சியும் ஒரு போர்க்கலையோ என எம்மை வினவினர். அவர்க்கு விடையாக யாங் லூசானின் வரலாற்றை ஈண்டுக் கூறுவாம்.

இவர் வட சீனத்து யொங்னியனில் 1799ஆம் ஆண்டு பிறந்தார். ஹெனான் மாகாணத்திற் சென் குடியினர் வாழும் சிற்றூரை அடைந்து, சென் சாங்சிங் என்பாரிடம் பல்லாண்டு பயின்றார். அக்குடியினர் தம் கலையைப் பிறர்க்கு எளிதில் ஈயார். ஆதலின் லூசான் இரவில் ஒளித்துநின்று பார்த்தே கற்றார் என்றொரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. யாம் அதனை நம்புகிலேம். ஆசான் கைபடாது மல்வித்தை வருமோ?

எதிரியின் வலியை வலியால் தடாது, அதற்கு இடங்கொடுத்து, அவன் நிலைதளரும் கணத்தே தள்ளி வீழ்த்துதலே இக்கலையின் உயிர்நிலை. இருவர் கையோடு கைபொருத்தி நாடோறும் தள்ளிப் பயின்றாலன்றி அக்கணம் புலப்படாது.

பின்னர் லூசான் பீக்கிங் சென்று, மஞ்சு அரசின் காவற்படையினர்க்கு ஆசானாயினார். படைவீரர்முன் வெறும் கையசைவு செல்லுமா? வெல்லற்கரிய யாங் என அவரை மக்கள் அழைத்தனர். 1872இல் அவர் காலமானார்.

மைந்தர் பான்ஹோவும் சியான்ஹோவும் கலையைப் பேணினர். பெயரர் செங்பு (1883–1936), பாய்ச்சலும் விரைந்த வீச்சும் நீக்கி, முதியோரும் பயிலுமாறு அதனை மென்மையாக்கினார். அவர் முறையையே 1956இல் சீன அரசு 24 நிலைகளாகச் சுருக்கியது. பூங்காக்களிற் பெரிதும் காணப்படுவது அச்சுருக்கமே.