விரல்களால் உலகைக் கண்ட ஹெலன் கெல்லர்

இவ்வுலகில் கவலை இல்லாத மனிதர் எவரும் இலர். விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால், இன்று மரம் சீவ முடியாதே என்று பெற்றோர் கலங்குகின்றனர். கணக்குப் பாடம் விளங்கவில்லையே என்று மாணவர் வாடுகின்றனர். இக்கவலைகள் பொய்யானவை அல்ல. ஆயினும், இவற்றையே எண்ணியெண்ணி நம்மிடம் உள்ள செல்வங்களை நாம் மறந்துவிடுகிறோம். அவற்றை நமக்கு நினைவூட்டும் அம்மையார் ஒருவரின் வரலாற்றை இங்குக் காண்போம்.

அமெரிக்க நாட்டின் அலபாமா மாநிலத்தில், டஸ்கம்பியா என்னும் சிற்றூரில், 1880ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் ஹெலன் கெல்லர் பிறந்தார். பிறந்தபோது அவருக்கு எக்குறையும் இல்லை. 19 மாதக் குழந்தையாய் இருந்தபோது கடும் நோய் ஒன்று அவரைத் தாக்கியது. உயிர் பிழைத்தது, ஆனால், கண்ணொளியும் செவிப்புலனும் போயின. செவி கேளாத குழந்தை பேசக் கற்பது எங்ஙனம்? தம் எண்ணத்தைப் பிறர்க்கு உணர்த்த இயலாமையால், ஹெலன் சினம் மிகுந்த சிறுமியாக வளர்ந்தார். ஒருநாள் தம் தாயையே சரக்கறையில் வைத்துப் பூட்டிவிட்டார்!

1887ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள், ஆன் சல்லிவன் என்னும் ஆசிரியை அவ்வீட்டிற்கு வந்தார். அவருக்கு வயது 20. அவரும் துன்பத்தில் வளர்ந்தவரே. இளமையில் தாயை இழந்து, ஏழையர் விடுதியில் வாழ்ந்து, கண்ணோயால் பார்வை குன்றி, பாஸ்டன் நகரில் பார்வையற்றோர் பள்ளியில் கற்றவர் அவர். ஹெலனிடம் ஒரு பொம்மையைக் கொடுத்து, அதன் பெயரை அவரது உள்ளங்கையில் எழுத்தெழுத்தாகத் தம் விரல்களால் உணர்த்தினார். சிறுமிக்கோ அது வெறும் விளையாட்டாகவே தோன்றியது.

ஏப்ரல் 5ஆம் நாள் ஹெலன் சினங்கொண்டு அப்பொம்மையைத் தரையில் அடித்து உடைத்தார். சிறிதும் வருந்தவில்லை. ஆசிரியை அவரை நீரிறைக்கும் குழாயடிக்கு அழைத்துச் சென்றார். ஒரு கையில் நீர் கொட்ட, மறு கையில் நீர் என்னும் சொல்லை உணர்த்தினார். அக்கணமே ஒவ்வொரு பொருளுக்கும் பெயர் உண்டு என்பது ஹெலனுக்கு விளங்கியது. வீடு திரும்பியதும், உடைந்த பொம்மையை ஒட்டவைக்க முயன்று கண்ணீர் வடித்தார். சொல் பிறந்த நாளிலேயே நெஞ்சில் இரக்கமும் பிறந்தது.

பின்னர் ஹெலன் அயராது கற்றார். 1904இல் ராட்கிளிஃப் கல்லூரியில் பட்டம் பெற்றார். வகுப்பிலே ஆசிரியை அருகமர்ந்து விரிவுரைகளைக் கையில் உணர்த்தி வந்தார். பிற்காலத்தில் ஹெலன் 39 நாடுகளுக்குச் சென்று பார்வையற்றோர்க்காகப் பாடுபட்டார். 1955இல் இந்தியாவிற்கும் வந்தார். 1968ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், தம் 87ஆம் வயதில் மறைந்தார்.

1933இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று நம் சிந்தனைக்குரியது. காட்டில் நெடுநேரம் உலவி வந்த தோழியிடம், என்ன கண்டாய் என்று ஹெலன் கேட்டாராம். குறிப்பாக ஒன்றுமில்லை என்று விடை வந்தது. ஹெலன் வியந்தார். தொட்டறியும் தமக்கே இலையின் அமைப்பும் மரப்பட்டையின் வழவழப்பும் இன்பம் தரும்போது, கண்ணுடையார் ஒன்றும் காணாதிருப்பது எவ்வாறு? தமக்கு மூன்று நாள் பார்வை கிடைத்தால், முதல் நாளில் தமக்கு அன்பு காட்டியவர்களின் முகங்களையே காண விரும்புவதாக அவர் எழுதினார்.

மாணவச் செல்வங்களே! நாமும் பால்மரங்களின் ஓரமாக நடந்து வருகிறோம். வழியில் என்ன கண்டீர்கள் என்று எவரேனும் வினவினால், நாம் என்ன விடை கூறுவோம்?

ஹெலனின் வரலாற்றைப் படிப்பதால், மழை நாளில் இழந்த கூலி திரும்பி வாராது. எனினும், அந்நாளில் வீட்டிலிருக்கும் தந்தை, தம் பிள்ளை பாடம் படிக்கும் குரலைக் காதாரக் கேட்கலாம். பிள்ளையும் தன் தாயின் முகத்தைக் கண்ணாரக் காணலாம். ஹெலன் வாழ்நாள் முழுதும் ஏங்கிய செல்வம் அதுவே. அது நம் வீட்டில் இருக்கிறது என்பதை நாம் மறவாதிருப்போமாக!