தடை கடந்த வீரர்

மாந்தர் எய்தும் புகழ் இருவகைப்படும். தாம் செய்த செயலால் வருவது ஒன்று. பிறர்க்குக் காட்டிய நெறியால் வருவது மற்றொன்று. முன்னது, அச்செயலை விஞ்சுவார் தோன்றுங்காறும் நிலைக்கும். பின்னதோ, அந்நெறியிற் செல்வார் உள்ளளவும் நிலைக்கும். இவ்விரு புகழையும் ஒருங்கே பெற்றவர் ஆல்வின் கிரென்ஸ்லைன் என்னும் அமெரிக்க வீரர் ஆவர்.

இளமையும் கல்வியும்

கிரென்ஸ்லைன் 1876ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12ஆம் நாள் பிறந்தார். அவர்தம் குடும்பத்தார் ஜெர்மானிய வழியினர். மில்வாக்கி நகரில் வளர்ந்த அவர், இளமையிலேயே ஓட்டத்திலும் தாண்டலிலும் சிறந்து விளங்கினார். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திற் சிலகாலம் கற்றபின், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தை அடைந்து பல் மருத்துவம் பயின்றார். அங்கே மைக் மர்பி என்னும் புகழ்பெற்ற பயிற்சியாளர் அவருக்கு ஆசானாக வாய்த்தார். ஒருபுறம் மருத்துவக் கல்வி, மறுபுறம் ஆடுகளப் பயிற்சி என இரண்டினையும் அவர் சோர்வின்றிப் பேணினார்.

தடை தாண்டும் முறை

உயர்தடை ஓட்டத்தில், ஏறத்தாழ 107 சென்டிமீட்டர் உயரமுள்ள தடைகள் பத்து வரிசையாக நிறுத்தப்பெறும். அக்காலத்து வீரர் பலர், தடையை அணுகியதும் கால்களை மடக்கி உயரக் குதித்தனர். அதனால் ஓட்டத்தின் விரைவு கெட்டது. ஒரு தடைக்கு நொடியிற் சிறுகூறே வீணாயினும், பத்துத் தடைகளுக்கும் எவ்வளவு வீணாகும் என்பதை எண்ணிப் பாருங்கள். கிரென்ஸ்லைன் முன்காலை நேரே நீட்டி, பின்காலை மடக்கி, தடையின் மேல் மிகச் சிறிதே உயர்ந்து கடந்தார். கடந்த அக்கணமே ஓட்டத்தைத் தொடர்ந்தார். இதனையொத்த முயற்சி இங்கிலாந்தில் முன்னரே தோன்றியதுண்டு. ஆயினும், அதனைச் செப்பமுறப் பழகி உலகறியச் செய்தவர் இவரே. 1898ஆம் ஆண்டில் 120 கெஜ உயர்தடை ஓட்டத்தை 15.2 விநாடியிலும், 220 கெஜத் தாழ்தடை ஓட்டத்தை 23.6 விநாடியிலும் ஓடி முடித்து, அவர் உலகை வியக்கச் செய்தார்.

பாரிஸ் நகர வெற்றி

1900ஆம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயங்கள் பாரிஸ் நகரில் நிகழ்ந்தன. செம்மையான ஓடுதளம் அங்கு இல்லை; பூங்காவின் புல்தரையே களமாயிற்று. அக்களத்தில் ஜூலை 14 முதல் 16 வரை மூன்றே நாட்களில், 60 மீட்டர் ஓட்டம், 110 மீட்டர் தடை ஓட்டம், 200 மீட்டர் தடை ஓட்டம், நீளத் தாண்டல் ஆகிய நான்கிலும் கிரென்ஸ்லைன் முதலிடம் பெற்றார். 200 மீட்டர் தடை ஓட்டத்தில் அவருக்கு அடுத்து வந்தவர் கல்கத்தாவிற் பிறந்த நார்மன் பிரிட்சர்டு என்பது நாம் அறியத்தக்கது. தடகளத்தில் ஒரே ஒலிம்பிக்கில் நான்கு தனியாள் வெற்றிகளைப் பெற்றவர் அவரையன்றி வேறொருவர் இலர்.

எனினும், நீளத் தாண்டலில் நிகழ்ந்ததொன்றை மறைத்தல் கூடாது. சனிக்கிழமை முதற்சுற்றில் மேயர் பிரின்ஸ்டீன் என்பார் 7.175 மீட்டர் தாண்டி முன்னின்றார். இறுதிச்சுற்று ஞாயிற்றுக்கிழமை நடைபெற்றது. அந்நாளில் போட்டியிடலாகாது என்று அவருடைய பல்கலைக்கழகம் தடுத்தமையால், யூதராகிய அவரும் களம் புகவில்லை. கிரென்ஸ்லைனோ ஞாயிறன்று களம் புகுந்து 7.185 மீட்டர் தாண்டி, ஒரு சென்டிமீட்டரால் வென்றார். விதி அவர் பக்கமே நின்றது. ஆயினும், எதிர்நிற்பவர் இல்லாத களத்திற் பெற்ற வெற்றி என்னும் சொல் அவரை விட்டு அகலவில்லை. பிரின்ஸ்டீன் 1904ஆம் ஆண்டு செயின்ட் லூயி நகரில் நீளத் தாண்டலில் முதல்வராகித் தம் குறை தீர்ந்தார். விதி இடந்தருவது எல்லாம் பிறர் உள்ளத்திற்கு உவப்பாவதில்லை என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்தும்.

பயிற்சியாளர்

1900ஆம் ஆண்டிலேயே பல் மருத்துவப் பட்டம் பெற்ற கிரென்ஸ்லைன், போட்டிகளினின்றும் விலகினார். சிலகாலம் மருத்துவராயிருந்தபின், அவர் உள்ளம் மீண்டும் ஆடுகளத்தையே நாடிற்று. இம்முறை தாம் ஓடுதற்கன்று, பிறரை ஓடச் செய்தற்கு. மெர்சர்ஸ்பர்க் பள்ளியிலும், பின்னர் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் பயிற்சியாளராக அமர்ந்தார். அவர் மிச்சிகனில் இருந்த காலத்தே அவ்வணியில் ஓடிய ரால்ப் கிரெய்க், 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர், 200 மீட்டர் ஆகிய இரு ஓட்டங்களையும் வென்றார்.

1916ஆம் ஆண்டு ஒலிம்பிக் பெர்லினில் நிகழ்வதாயிருந்தது. அதன்பொருட்டுத் தம் வீரரைப் பயிற்றுமாறு 1913ஆம் ஆண்டில் ஜெர்மானியர் அவரை ஐந்தாண்டு ஒப்பந்தத்துடன் அழைத்தனர். முன்னோர் நாட்டில் அவர் பணி தொடங்கினார். ஆனால், 1914ஆம் ஆண்டில் உலகப்போர் மூண்டது. ஒலிம்பிக் கைவிடப்பட்டது, கிரென்ஸ்லைன் தாய்நாடு மீண்டார். ஆடுகளத் தடைகள் அனைத்தையும் கடந்தவர்க்கும் போரெனும் தடை கடத்தற்கரிதாயிற்று.

அதற்காக அவர் சோர்ந்திருந்தாரல்லர். அமெரிக்கப் படைவீரர்க்கு உடற்பயிற்சி அளித்தார். தாம் பயின்ற பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் துணைப் பயிற்சியாளராகத் தொண்டாற்றினார். கியூபா நாட்டினர்க்கும் பயிற்சி தந்தார். 1928ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 6ஆம் நாள், தம் 51ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

அவர் ஓடிய விரைவுகளைப் பின்வந்தோர் பன்முறை விஞ்சிவிட்டனர். ஆயினும், தடையை அணுகும் வீரர் எந்நாட்டினராயினும், இன்றும் முன்காலை நேரே நீட்டியே அதனைக் கடக்கின்றனர். அவர் கண்டு காட்டிய நெறி அவருக்குப் பின்னும் வாழ்கின்றது.