சேட் ஜம்னாலால் பஜாஜ்

பெரிய கம்பெனிகள் தங்கள் லாபத்தில் ஒரு பங்கைப் பொதுஜன க்ஷேமத்திற்குச் செலவிட வேண்டுமென்று 2013-ஆம் வருஷத்தில் நம் தேசத்தில் சட்டம் செய்யப்பட்டது. மூன்று வருஷ சராசரி நிகர லாபத்தில் நூற்றுக்கு 2 வீதம் கணக்கு. கிராம அபிவிருத்தியும் இயற்கை வளப் பாதுகாப்பும் அச்செலவுக்குரிய இனங்கள். இச்சட்டத்தை நாம் குறை கூற வரவில்லை. ஆனால் பணம் கொடுப்பவர் கிராமத்திற்கு யஜமானராவதா, ஊழியராவதா என்ற கேள்விக்கு அதில் விடை கிடையாது. இக்கேள்வியைத் தம் வாழ்நாளிலேயே எதிர்கொண்ட வியாபாரி ஒருவர் இருந்தார். அவரே வார்தா ஜம்னாலால் பஜாஜ்.

ராஜபுதனத்துச் சீகர் ஸமஸ்தானத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் 1889-ஆம் வருஷம் நவம்பர் 4-ஆம் தேதி பிறந்தவர். குழந்தைப் பருவத்திலேயே வார்தாவில் பச்சராஜ் என்னும் தனவந்தரின் குடும்பத்திற்கு ஸ்வீகாரம் போனார். 17-ஆம் வயதில் பெரியவர் ஒரு நாள் கடிந்து பேசவே, சொத்தெல்லாம் வேண்டாமென்று எழுதி வைத்துவிட்டு வீட்டை விட்டுப் புறப்பட்டார். பிறகு அவரைச் சமாதானப்படுத்தி அழைத்து வந்தார்கள். ஆனால் ஒரு முறை துறந்த பொருளைத் தம்முடையதென்று அவர் என்றும் எண்ணியதில்லை. பஞ்சு வியாபாரம் பெருகிற்று. ராவ் பஹதூர், ராய் பஹதூர் என்று பட்டம் தேடித் திரிந்தோர் மலிந்திருந்த அக்காலத்தில், தமக்குக் கிடைத்த ராய் பஹதூர் பட்டத்தை ஒத்துழையாமை இயக்கத்தின்போது துறந்தார். 1923-இல் நாகபுரிக் கொடிப் போரில் சிறை புகுந்தார். 1928-இல் வார்தாவிலுள்ள தம் குடும்பத்து லக்ஷ்மிநாராயணர் கோயிலை ஹரிஜனங்களுக்குத் திறந்துவிட்டார்.

அவருடைய தானங்களில் நாம் முக்கியமாகக் கருதுவது 1934-இல் நிகழ்ந்தது. அகில பாரத கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றியபோது, வார்தாவிலிருந்த தம் தோட்டத்தையும் வீட்டையும் அதற்குக் கொடுத்தார். மகன்லால் காந்தியின் நினைவாக அவ்விடம் மகன்வாடி எனப் பெயர் பெற்றது. சங்கத்தை நடத்தும் பொறுப்பு தஞ்சாவூரில் பிறந்த ஸ்ரீ ஜே. ஸி. குமரப்பாவிடம் இருந்தது. செக்கு, கைக்குத்தல் அரிசி, கைக் காகிதம், தேனீ வளர்ப்பு, வெல்லம் ஆகியவற்றில் அங்கே பரிசோதனைகள் நடந்தன. நிலக்கரி, எண்ணெய் போன்று எடுக்க எடுக்கக் குறையும் வளங்களை நம்பிய தொழில் நிலைக்காது. மண்ணும் மரமும் மழையும் ஆண்டுதோறும் தருவதைக் கொண்டு பிழைப்பதே நிலைக்கும் என்று குமரப்பா போதித்தார். இன்று இயற்கைப் பாதுகாப்பு என்று பேசப்படுவதன் வித்தை அங்கே காணலாம்.

இங்கேதான் சங்கடம் இருக்கிறது. 1931-இல் கோலா கோகர்ணநாத்தில் ஜம்னாலாலின் சர்க்கரை ஆலை ஏற்பட்டது. சங்கமோ, ஆலைச் சர்க்கரையை விட்டு வெல்லத்தை உண்ணுங்கள் என்று ஜனங்களுக்குச் சொல்லிவந்தது. தம் ஆலைக்கு எதிரான வாதம் தாம் கொடுத்த தோட்டத்திலிருந்தே எழுந்தும், அவர் தோட்டத்தைத் திரும்பப் பெறவில்லை. ஆலையையும் மூடவில்லை என்பதை நாம் மறைக்கப் போவதில்லை. இம்முரண்பாடு அவர் வாழ்வில் தீரவில்லை. ஆயினும் தம் லாபத்திற்கு மாறாகப் பேசும் ஸ்தாபனத்தை விலைக்கு வாங்கவோ வாயடைக்கவோ முயலாத தனவந்தரை நாம் அதிகம் கண்டதில்லை.

1936-இல் மஹாத்மா காந்தி குடியேறிய சேகாவ் கிராமத்தின் பெரும்பகுதி ஜம்னாலாலுக்கே உரியது. பின்னர் அது சேவாகிராமம் எனப்பட்டது. நிலச்சுவான்தாரின் ஊரில் நிலச்சுவான்தாரின் அதிகாரம் ஓங்கவில்லை. ஆசிரமத்தின் ஒழுங்கே ஓங்கிற்று.

கடைசி நாட்களில் வியாபாரத்திலிருந்து பெரிதும் ஒதுங்கி, 1941-இல் கோசேவையை மேற்கொண்டு, வார்தாவிற்கருகே கோபுரியில் குடிசை ஒன்றில் வாழ்ந்தார். 1942-ஆம் வருஷம் பிப்ரவரி 11-ஆம் தேதி, 52-ஆம் வயதில், திடீரென்று காலமானார். அவர் விட்டுச் சென்ற கோசேவைப் பணியைத் தர்மபத்தினி ஜானகிதேவி ஏற்றுக்கொண்டார்.