வானத்து மின்னாறும் விக்ரம் சாராபாயும்

அகமதாபாத்தில் துணி ஆலைத் தொழிலில் சிறந்து விளங்கிய சமணக் குடும்பத்தில், அம்பாலால், சரளாதேவி தம்பதியரின் மகனாக 1919 ஆகஸ்ட் 12-ஆம் நாள் பிறந்தவர் விக்ரம் சாராபாய். செல்வம் குறைவின்றி இருந்தும் அவர் மனம் நாடியது விண்ணையே. இரண்டாம் உலகப் போர் மூளவே கேம்பிரிட்ஜிலிருந்து தாயகம் திரும்பி, பெங்களூரில் சர் சி.வி. இராமனிடம் அண்டக் கதிர் ஆய்வில் ஈடுபட்டார். 1947-இல் முனைவர் பட்டம் பெற்று, அவ்வாண்டே அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். அப்போது அவருக்கு வயது 28.

பொருநை நாட்டோடு அவர் வாழ்வு தொடுமிடம் ஒன்றுண்டு. காந்த ஊசி மேலும் கீழும் சாயாது கிடையாக நிற்கும் புவிக்காந்த நடுக்கோடு, நம் நாட்டின் தென்கோடி வழியே செல்கிறது. அதன் மேலே, ஏறத்தாழ 105 கி.மீ. உயரத்தில், பகற்பொழுதில் மின்னோட்டம் ஆறுபோல் கிழக்கு நோக்கிப் பாய்கிறது. எடை மிக்க அயனிகள் காற்றோடு மோதித் தயங்கி நிற்க, எலெக்ட்ரான்கள் மட்டும் மேற்கே விரைகின்றன. அவ்வேகம் நொடிக்குச் சுமார் 360 மீட்டரைக் கடந்தால், குளத்து நீரைக் காற்று அலைப்பதுபோல் அப்பிளாஸ்மாவில் அலைகள் எழுகின்றன. இதன் காரணத்தைப் பார்லே, பூனமன் என்னும் இருவர் 1963-இல் தனித்தனியே விளக்கினர்.

அவ்வுயரத்தைப் பலூன் எட்டாது. செயற்கைக்கோளோ அவ்வளவு தாழ்வாகச் சுற்றவியலாது. ராக்கெட் ஒன்றே வழி. ஆகவேதான் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவர் சிற்றூரைச் சாராபாய் தேர்ந்தார். மகதலேனா மரியாள் தேவாலயமே அலுவலகமாயிற்று. 1963 நவம்பர் 21 மாலை, சோடிய ஆவி சுமந்த முதல் ராக்கெட் அங்கிருந்து எழுந்தது. பின்னர் அவருடைய அகமதாபாத் ஆய்வுக்கூடத்தார் தும்பாவிலிருந்து கருவிகளை ஏவி, மின்னாற்றின் உள்ளேயே எலெக்ட்ரான் செறிவின் ஏற்றத்தாழ்வுகளை அளந்தனர்.

வறிய நாட்டுக்கு ராக்கெட் எதற்கு என்ற கேள்வி அன்று பலமாகவே எழுந்தது. நியாயமான கேள்விதான். சிற்றூர்க் கல்விக்கும் வானிலைக் கணிப்புக்கும் விண்வெளித் துறை பயன்பட வேண்டும் என்பதே அவர் கொண்ட விடை. 1966-இல் அணுசக்தி ஆணையத் தலைவரான பின்னும் அணுகுண்டில் அவர் நாட்டம் கொள்ளவில்லை. நம்மவர் இதனைச் சிறப்பாகக் கருதுவது இயல்பே.

1971 டிசம்பர் 30-இல் கோவளத்தில், 52-ஆம் வயதில் அவர் காலமானார். முதற் செயற்கைக்கோளான ஆரியபட்டா 1975-இல்தான் விண்ணேகியது.

கழுகுமலை யாத்திரை செல்லும் அன்பர்கள் திருநெல்வேலியையும் அறிவர். அதன் அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் உள்ளது. அங்கு 1990-களில் நிறுவப்பட்ட ரேடார், மின்னாற்றை ஒட்டிய உயரங்களின் காற்றோட்டத்தை அளந்து வந்தது.